பிசியோதெரபியில் வரும் வலி: எதைப் பொறுப்பது, எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது – மலையகத்தவருக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையக வைத்தியசாலையொன்றின் பிசியோதெரபிப் பிரிவில் நான் பணிக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், தோள் இறுகிப்போன ஒரு தாய் வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்தார். முப்பது வருடம் கொழுந்து பறித்த கை அது. அவரைக் கட்டிலில் மல்லாந்து படுக்க வைத்து, கையை மெல்ல மேலே உயர்த்தியபடி, "வலிக்கிறதா அம்மா?" என்று கேட்பேன். "ஒன்னும் இல்லைங்க மிஸ், நீங்க செய்யிங்க" என்பதே ஒவ்வொரு முறையும் வந்த பதில். முகத்தில் ஒரு சுளிப்பும் இருக்காது. நான்காவது வாரம் தற்செயலாக அவருடைய கால்களைப் பார்த்தேன். பத்து விரல்களும் உள்ளங்காலை நோக்கி மடங்கி, கணுக்கள் வெளுத்துப்போய் இருந்தன. கிளினிக் நாளுக்குப் பிந்திய இரண்டு இரவுகள் அவர் உறங்குவதேயில்லை என்பதை அடுத்த வாரம் அவருடைய மகள் சொல்லித்தான் அறிந்தேன்.

அந்தத் தோளுக்கு நான் கொடுத்த அளவு தவறானது. அவர் பொய் சொல்லவில்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் கூடையைச் சுமந்தபடி மலையேறிப் பழகியவருக்கு, வலியை வாய்விட்டுச் சொல்வது வேலையைத் தட்டிக்கழிப்பதைப் போலத் தோன்றியிருக்கிறது. ஆனால் பிசியோதெரபியில் சிகிச்சையின் அளவைத் தீர்மானிப்பது நோயாளியின் சொல்தான். இரத்த அழுத்தத்தை அளக்க ஒரு கருவி இருப்பதைப்போல வலியை அளக்க எந்தக் கருவியும் இல்லை. நீங்கள் வலியைச் சொல்லாமல் விட்டால் சிகிச்சையாளர் இருட்டில் கைவைக்கிறார். வலிக்குப் பயந்து அசைவையே நிறுத்திவிட்டாலோ மூட்டு இறுகி, தசை மெலிந்து, முன்பு வலிக்காத அசைவுகளும் வலிக்கத் தொடங்கும். இவ்விரண்டுக்கும் இடையில் நடப்பதற்கான வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: வலி என்றால் சேதம் என்று எண்ணுவதை நிறுத்துங்கள்

வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979இல் வெளியிட்டு 2020இல் திருத்திய வரைவிலக்கணம், வலியை வெறும் உடலுணர்வாகப் பார்க்காமல், உணர்வும் மனமும் சேர்ந்த அனுபவமாகப் பார்க்கிறது. உடலிழையம் உண்மையிலேயே சேதமடைந்திருக்கலாம், சேதமடையக்கூடிய நிலையில் இருக்கலாம், அல்லது சேதம் இல்லாமலேயே அப்படித் தோன்றலாம். ஒருவர் தமது வலியைப் பற்றிச் சொல்வதை மதிக்க வேண்டும் என்றும் அதன் குறிப்பு கூறுகிறது.

இதன் நடைமுறைப் பொருளை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஆறு வாரம் பிளாஸ்டரில் கிடந்த மணிக்கட்டை முதல் முறை மடக்கும்போது உயிர் போவதைப்போல வலிக்கும். எலும்பு பொருந்திவிட்டது என்று எக்ஸ்றே காட்டிய பின்னரும் வலிக்கும். அங்கே எதுவும் மறுபடி உடையவில்லை. சுருங்கிப்போன மூட்டுறையும் தசைநார்களும் நீட்டப்படுகின்றன, பல வாரங்களாக அசைவை அறியாத நரம்புகள் அதை ஆபத்து என்று எண்ணி அறிவிக்கின்றன. வலி நீண்ட நாள் நீடித்தால் முள்ளந்தண்டிலும் மூளையிலும் உள்ள நரம்புத் தொகுதியே கூருணர்வு அடைந்து, சிறிய தொடுகையையும் பெரிதாக்கிக் காட்டும். தூக்கமின்மை, கவலை, சம்பளம் போகிறதே என்ற பயம் ஆகியவை அதை மேலும் ஏற்றும். அதனால் வலி கற்பனை என்று ஆகிவிடாது. அதைக் குறைப்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு என்றே ஆகிறது.

படி 2: வலிக்குப் பெயர் சொல்லப் பழகுங்கள்

இந்தப் படியில் நான் சற்று அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனெனில் நம்மிடம் உள்ள செல்வம் இதுதான். "வலிக்குது" என்ற ஒரே சொல்லோடு கிளினிக்குக்கு வருபவரிடம், வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டால் பத்துச் சொற்கள் வரும். அந்தப் பத்தும் எனக்குப் பத்து வெவ்வேறு செய்திகள்.

இழுக்கிறது, இறுக்கிப் பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் தசையோ மூட்டுறையோ நீட்டப்படுகிறது. இது நாம் எதிர்பார்க்கும் வலி. உளைகிறது, கடுக்கிறது, அடித்துப்போட்டது போல் இருக்கிறது என்றால் வேலை செய்த தசையின் அலுப்பாக இருக்கலாம். சுள்ளென்று குத்துகிறது, ஊசி பாய்ச்சியது போல் இருக்கிறது என்றால், அசைவின் எந்த இடத்தில் அது வருகிறது என்பதைச் சிகிச்சையாளர் தேட வேண்டும். எரிகிறது, கரண்ட் அடித்தது போல் ஓடுகிறது, விறைக்கிறது, எறும்பு ஊர்கிறது என்றால் நரம்பின் பக்கம் கவனம் திரும்ப வேண்டும். விண் விண் என்று தெறிக்கிறது, அதோடு சூடும் வீக்கமும் இருக்கிறது என்றால் அழற்சியா, கிருமித் தொற்றா என்று பார்க்க வேண்டும். எலும்புக்குள் குடைகிறது, இரவில் படுத்தாலும் விடவில்லை என்பது தனிக் கவனத்துக்குரியது. ஆகவே கிளினிக்குக்குப் போவதற்கு முந்திய இரவு, "எனக்கு இருப்பது எந்த வலி?" என்று உங்கள் வீட்டுப் பேச்சிலேயே ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இலக்கணச் சுத்தமான சொல் தேவையில்லை.

மொழி ஒரு தடையாக இருப்பதும் உண்மை. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் சிகிச்சையாளர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருக்கலாம். நல்ல மனிதராக இருப்பார், ஆனால் "உளைச்சல்" என்பதும் "எரிவு" என்பதும் அவர் காதில் ஒன்றாகவே விழும். அதனால் சில சிங்களச் சொற்களையாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வலிக்கிறது என்பதற்கு "ரிதெனவா", உளைகிறது என்பதற்கு "ககியனவா", இழுக்கிறது என்பதற்கு "எதெனவா", எரிகிறது என்பதற்கு "பிச்செனவா", விறைக்கிறது என்பதற்கு "ஹிரி வெட்டெனவா". கொஞ்சம் என்றால் "டிக்கக்", அதிகம் என்றால் "கொடக்". எல்லாவற்றையும் விட முக்கியமானது "நவத்தன்ன", அதாவது நிறுத்துங்கள். கூட வரும் பிள்ளைக்குச் சிங்களம் தெரிந்தால் உள்ளே அழைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். ஆனால் பிள்ளை உங்களுக்குப் பதிலாகப் பேசாமல், நீங்கள் சொல்வதை மட்டும் எடுத்துச் சொல்லட்டும்.

படி 3: வலிக்கு ஓர் எண் கொடுங்கள், நான்கு வேளையில்

வலியே இல்லாத நிலை 0, தாங்கவே முடியாத நிலை 10 என்று வைத்துக்கொண்டு, உங்கள் வலி எத்தனை என்று சொல்வது உலகெங்கும் கையாளப்படும் முறை. எண் சொல்லத் தயங்கும் பெரியவர்களிடம், அடிவாரத்திலிருந்து மலை உச்சிக்குப் போகும் பாதையை நினைக்கச் சொல்லி, வலி எந்த வளைவில் நிற்கிறது என்று கேட்பேன். உடனே கையால் காட்டுவார்கள்.

ஒரே ஓர் எண்ணால் பயனில்லை. பயிற்சிக்கு முன், பயிற்சியின் நடுவில், முடித்து ஒரு மணித்தியாலம் கழித்து, மறுநாள் காலை எழுந்தவுடன் என நான்கு எண்கள் வேண்டும். நான்காவது எண்தான் எனக்கு அதிகம் சொல்கிறது. நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றன்றைக்கு நான்கு எண்களைக் குறித்து வாருங்கள். செக்ரோல் எனும் தோட்டத்து வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்திருக்கிறதா, அரை நாளாக அரைப்பேர் போட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொரு நாளும் கணக்கு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு கடினமானதல்ல. நான் மேலே சொன்ன தாய் எழுதப் படிக்க அதிகம் அறியாதவர். எண்ணுக்குப் பதிலாகக் கோடுகள் போட்டுக் கொண்டுவந்தார். ஒரு செவ்வாய்க்கிழமைத் தாளில் இரண்டு கோடும் மறுநாள் புதன்கிழமைத் தாளில் எட்டுக் கோடும் இருந்தன. நான்கு வாரங்களாக என் கைக்குத் தெரியாமல் போனதை அந்த இரண்டு தாள்களும் ஒரு நொடியில் காட்டிவிட்டன.

படி 4: எந்த எண்ணில் தொடர்வது, எந்த எண்ணில் குறைப்பது

மூட்டுத் தேய்வு, தசைநார் நோய், முழங்காலின் முன்பக்க வலி போன்ற நாட்பட்ட கோளாறுகளுக்கான பயிற்சியில், 0 முதல் 2 வரையான வலி கவலைக்குரியதல்ல. 5 வரை பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அது பயிற்சி முடிந்ததும் இறங்கத் தொடங்கி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். 5க்கு மேல் போனால் அந்த அசைவின் தூரத்தையோ பாரத்தையோ எண்ணிக்கையையோ குறைக்க வேண்டும். புதிதாகச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும் எல்லை வேறு. அதை உங்கள் வைத்தியரும் சிகிச்சையாளரும்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை எண் வழக்கத்தைவிட இரண்டு அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். அளவை ஏறத்தாழ பாதியாக்குங்கள். அதே நிலையில் இருந்தால் அதே அளவைத் தொடருங்கள். சில நாட்களாக இறங்கி வந்தால் சிறிது கூட்டுங்கள், ஆனால் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும். எண்ணிக்கை, பாரம், தூரம் மூன்றையும் ஒரே நாளில் கூட்டிவிட்டால், வலி வரும்போது எது காரணம் என்று யாருக்கும் தெரியாது.

புதிய பயிற்சி தொடங்கிய ஒருவருக்கு அன்று ஒன்றும் இல்லாமல், மறுநாளோ மூன்றாம் நாளோ தசை முழுவதும் உளைவது பலரைப் பயமுறுத்துகிறது. இது பழக்கமில்லாத வேலைக்குத் தசை காட்டும் இயல்பான எதிர்வினை. 24 முதல் 72 மணித்தியாலங்களுக்குள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது இது அதிகம் வரும், அதாவது மேட்டில் ஏறும்போதைவிடப் பள்ளத்தில் இறங்கும்போது. மேலே மலையில் இருக்கும் லயத்து வீட்டு வரிசையிலிருந்து பஸ் பாதைக்கு இறங்கிவந்து, பயிற்சி செய்துவிட்டுத் திரும்பும் ஒருவருக்கு, தொடையின் முன்பக்கம் மறுநாள் உளைந்தால் அதில் ஒரு பங்கு அந்த இறக்கத்துக்கும் உரியது. இதைச் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். நகரத்தில் வளர்ந்த சிகிச்சையாளருக்கு உங்கள் வீட்டுக்குப் போகும் பாதையில் எத்தனை படிகள் இருக்கின்றன என்பது தெரிந்திருக்காது.

முதுகுவலியில் மட்டும் ஒரு விசேட விதி உண்டு. இடுப்பிலிருந்து கால்வரை ஓடும் வலி, பயிற்சியின்போது காலிலிருந்து விலகி இடுப்பின் நடுவுக்குத் திரும்பினால், இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் அது நல்ல அறிகுறி. மாறாக, இடுப்பில் வலி குறைந்து, கெண்டைக்காலுக்கோ பாதத்துக்கோ இறங்கினால், வலி குறைந்துவிட்டது என்று மகிழாமல் அந்த அசைவை நிறுத்துங்கள்.

படி 5: கிளினிக்குக்குப் போவதற்கு முன்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முதல் பஸ்ஸைப் பிடிப்பதற்காகப் பிளேன் டீ மட்டும் குடித்துவிட்டு வருபவர்களுக்குத் தலைசுற்றலும் வருகிறது, வலியைத் தாங்கும் வலுவும் குறைகிறது. சிகிச்சை பெறும் பகுதியை எளிதாகத் திறந்து காட்டக்கூடிய உடை அணியுங்கள்.

வைத்தியர் வலிமாத்திரை எழுதித் தந்திருந்தால், பயிற்சிக்கு ஏறத்தாழ முக்கால் மணித்தியாலம் முன்பு அதை எடுப்பது பலருக்கு உதவும். வளர்ந்தவர்களுக்கு பனடோல் எனப்படும் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு. இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு மணித்தியாலம் இருக்க வேண்டும், 24 மணித்தியாலத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. உடல் எடை மிகக் குறைந்தவர்களும், ஈரல் நோயுள்ளவர்களும், தினமும் மது அருந்துபவர்களும் அந்த எட்டையே எட்டக் கூடாது. அவர்களுக்குரிய அளவை வைத்தியர் சொல்ல வேண்டும். டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். குடற்புண், சிறுநீரக நோய், இருதய நோய் உள்ளவர்களுக்கு அவை கேடு. காய்ச்சலும் சேர்ந்து இருந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை அவற்றைத் தொடவே கூடாது. எதை எடுத்திருந்தாலும் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். மாத்திரை வலியை மறைத்திருக்கும் வேளையில் அவர் உங்கள் சொல்லை நம்பி அசைவைக் கூட்டக்கூடும்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிகிறது. குளிரில் தசையும் மூட்டும் விறைப்பாக இருக்கும். அந்த நிலையில் நேரடியாக நீட்டும் பயிற்சிக்குப் போனால் தேவையில்லாத வலி வரும். வீட்டிலென்றால், அடுப்படியில் பத்து நிமிடம் உட்கார்ந்தோ, வெதுவெதுப்பான நீரில் கையை நனைத்தோ, இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், கொஞ்சம் நடந்தோ உடம்பைச் சூடாக்கிக்கொண்ட பின் தொடங்குங்கள்.

படி 6: சிகிச்சையின் நடுவில்

தொடங்குவதற்கு முன்பே ஓர் அடையாளத்தை ஒப்புக்கொள்ளுங்கள். கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்றோ, கட்டிலை இரண்டு முறை தட்டினால் அந்த இடத்திலேயே பிடித்து வைக்க வேண்டும் என்றோ பேசிக்கொள்ளலாம். நிறுத்தும் அதிகாரம் தம்மிடம் இருக்கிறது என்று அறிந்தவருடைய தசை இறுகாது. இறுகாத தசையை நீட்டுவதற்குக் குறைந்த விசையே போதும், அதனால் வலியும் குறைகிறது.

மூச்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். மூக்கால் இழுத்து, வாயால் மெதுவாக, இழுத்ததைவிட நீண்ட நேரம் விடுங்கள். கையையோ காலையோ நீட்டும் அசைவு மூச்சை வெளிவிடும்போது நடக்கட்டும். சிகிச்சையாளர் அசைப்பதைத் தாங்க முடியாவிட்டால், "நானே அசைக்கட்டுமா, நீங்கள் தாங்கிப் பிடியுங்கள்" என்று கேளுங்கள். நல்ல கையால் நோயுள்ள கையைத் தூக்குவது, கோலைப் பிடித்து இரண்டு கைகளையும் சேர்த்து உயர்த்துவது போன்றவற்றில் கட்டுப்பாடு உங்களிடம் இருப்பதால், அதே தூரத்துக்குக் குறைந்த வலியோடு போக முடிகிறது. மட்டக்கம்பைப் போல நேரான ஒரு கம்பு கிடைத்தால் வீட்டிலும் இதைச் செய்யலாம்.

"வலிக்கவில்லை" என்று சொல்வதற்குப் பதிலாக "நாலு", "அஞ்சு" என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். இதை மரியாதைக் குறைவு என்று எந்தச் சிகிச்சையாளரும் எண்ண மாட்டார். எண்ணுகிறார் என்றால் பிழை உங்களுடையதல்ல.

படி 7: வீட்டுக்குத் திரும்பிய பின்

பயிற்சிக்குப் பிறகு வீக்கமும் சூடும் இருந்தால் குளிர் ஒத்தடம். வீக்கம் இல்லாமல் இறுக்கமும் உளைச்சலும் இருந்தால் வெந்நீர் ஒத்தடம். இரண்டும் 10 முதல் 15 நிமிடம், துணி சுற்றி, தோலைப் பார்த்துக்கொண்டு. நீரிழிவால் உணர்ச்சி மங்கிய பாதத்துக்கும், பக்கவாதத்தால் உணர்ச்சி குறைந்த பக்கத்துக்கும் வெந்நீர்ப் பை வைக்கவே வேண்டாம். கொப்புளம் எழும்வரை சுடுவது தெரியாது. சித்தாலேப போன்ற தைலம் பூசிய இடத்தின் மேல் சூடு வைப்பதும் தோலைப் பொசுக்கும்.

எண்ணெய் தேய்ப்பதையோ ஒடிவு முறிவு வைத்தியரிடம் போவதையோ நான் ஏளனம் செய்வதில்லை. மென்மையான தேய்ப்பு பலருக்கு இதம் தருகிறது. ஆனால் அண்மையில் பொருந்திய எலும்பையும் சத்திரசிகிச்சை செய்த மூட்டையும் யாரும் இழுத்து நெட்டி முறிக்க அனுமதிக்காதீர்கள். பக்கவாதம் வந்தவருடைய தளர்ந்த கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளில் கை கொடுத்துத் தூக்கியோ எழுப்புவதும் வேண்டாம். தசை பிடிப்பில்லாத அந்தத் தோள் மூட்டு எளிதில் விலகி, பின்னர் வரும் வலி பயிற்சியையே முடக்கிவிடுகிறது. இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்க வேண்டும்.

முழங்கால் நோயுள்ளவர்களுக்கு நமது படிக்கட்டுகளே பெரும் சோதனை. படியிறங்கும்போது முழங்காலின் மேல் விழும் பாரம் உடல் எடையைப்போல மூன்று மடங்கைத் தாண்டுகிறது. ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது நோயுள்ள காலை முதலில் வையுங்கள். ஊன்றுகோலை நோயுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். வலிக்கும் பக்கத்திலேயே கோலை ஊன்றுவதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். இதை மாற்றிக் கொடுத்த அன்றே வலி ஓர் எண் இறங்கியவர்கள் உண்டு. குந்தியிருக்கும் மலசலகூடம் இருந்தால், பிடித்து எழுவதற்குச் சுவரில் ஒரு கம்பியைப் பதித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பயிற்சியை ஒரே மூச்சில் முடிக்காமல், ஐந்து நிமிடம் வீதம் நாளுக்கு மூன்று நான்கு முறையாகப் பிரித்துச் செய்தால் வலி குறையும். மணிக்கட்டு முறிவுக்குப் பின், வெதுவெதுப்பான நீரில் ஒரு துணியைப் பிழிவதும், பிறகு சில வாரங்கள் கழித்து ரொட்டிக்கு மா பிசைவதும் நல்ல பயிற்சிகள். முதல் வாரம் துணியிலிருந்து சொட்டு நீர்கூட விழாது. உள்ளங்கையில் அது நனைந்த பறவையைப்போலச் சும்மா கிடக்கும். அது தோல்வியன்று. விரல்கள் துணியைச் சுற்றி வளைந்தாலே அன்றைய பயிற்சி நடந்துவிட்டது.

படி 8: இறுகிய தோளுக்குத் தனியாக ஒரு சொல்

நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினருக்கு, அதிலும் நீரிழிவு உள்ளவர்களுக்கு, தோள் இறுகும் நோய் அதிகம் வருகிறது. முதலில் வலி மிகுந்த காலம், அடுத்து வலி குறைந்து இறுக்கம் மிகுந்த காலம், கடைசியாக மெல்ல இளகும் காலம் என்று ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள்வரை அது நீடிக்கக்கூடும். முதல் காலத்தில் வலுக்கட்டாயமாக நீட்டுவது தீமையே செய்யும். குனிந்து நின்று கையை ஊஞ்சலைப்போலத் தளர்வாக ஆட்டுவது, வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்துவது ஆகியவை போதும். நான் அந்தத் தாயின் தோளில் செய்த பிழை இதுதான். இரண்டாம் காலத்துக்குரிய நீட்டலை முதல் காலத்தில் கொடுத்தேன். இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 9: பயிற்சியை நிறுத்தி உடனே வைத்தியரைப் பார்க்க வேண்டிய வலிகள்

இவற்றில் "பொறுத்துப் பார்க்கலாம்" என்பதற்கே இடமில்லை. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலிப்பது, சிறப்பாகச் சத்திரசிகிச்சைக்குப் பின்னும் நீண்ட படுக்கைக்குப் பின்னும், இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உயிராபத்து. முதுகுவலியோடு மறைவிடத்தைச் சுற்றி விறைப்பது, சிறுநீர் போக முடியாமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, கால்கள் வலுவிழப்பது ஆகியவை அன்றே பார்க்கப்பட வேண்டியவை. காய்ச்சலோடு காயம் சிவந்து சீழ் வடிவதும், விழுந்தபின் அந்தக் காலில் நிற்கவே முடியாமல் போவதும் அப்படியே. பிளாஸ்டர் போட்ட கையில் வலி கூடிக்கொண்டே போய், விரல்கள் நீலமாகி விறைத்தால், மறுநாள் கிளினிக்குக்குக் காத்திருக்கக் கூடாது. அவசர நிலையில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். பாதை மோசமான இடத்தில் இருப்பவர்கள், வண்டி எதுவரை வர முடியும் என்பதைச் சொல்லி, நோயாளியை அதுவரை தூக்கிக்கொண்டுவர ஆட்களை ஆயத்தமாக வையுங்கள்.

இன்னொன்று அவசரமல்ல, ஆனால் தாமதிக்கவும் கூடாது. முறிவோ சுளுக்கோ ஆறிய பின்னும், காயத்துக்குப் பொருத்தமில்லாத அளவு எரிச்சலான வலி, கை வீக்கம், தோல் நிறம் மாறுதல், ஒரு கை மட்டும் வியர்த்தல், துணி பட்டாலே துடித்தல் ஆகியவை சேர்ந்து இருந்தால், அது ஒரு தனி வலிக் கோளாறாக இருக்கலாம். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் பலன் அதிகம்.

படி 10: வர முடியாமல் போகும்போது

ஒரு கிளினிக் நாள் என்பது நம்மவர்களுக்கு ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும். மூன்று முறை வலியோடு திரும்பி, பலன் தெரியாமல் நின்றுவிடுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிற்பதற்கு முன் ஒரு முறை சிகிச்சையாளரிடம் நேராகச் சொல்லுங்கள்: "எனக்கு மாதம் ஒரு நாள்தான் வர முடியும், வீட்டில் செய்ய என்ன தருவீர்கள்?" பெரும்பாலான கோளாறுகளுக்கு, வாரம் ஒருமுறை எங்கள் கையால் நடப்பதைவிட நாள்தோறும் உங்கள் வீட்டில் நடப்பதே அதிகம் பயன் தருகிறது. அசைவுகளை உங்கள் கைபேசியிலேயே படம்பிடித்துத் தரும்படி கேட்கலாம். மலைக்கு மீண்டும் போகும்போது முதல் நாளே முழு நிறைக்குக் கொழுந்து எடுக்க முயலாதீர்கள். இலேசான வேலை தரும்படி வைத்தியரிடம் கடிதம் பெற்றுத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுங்கள். சில வாரங்களுக்குக் கொழுந்தை அடிக்கடி கொட்டி, பாரத்தைக் குறைத்தே சுமங்கள். நாட்காட்டித் தாளில் எண்களைத் தொடர்ந்து குறித்து வாருங்கள், ஏனெனில் வேலையின் அளவைக் கூட்டுவதற்கும் அதே நான்காவது எண்தான் வழிகாட்டும்.

கோடு போட்டுக் கொண்டுவந்த அந்தத் தாய், ஆறாவது வாரம் கட்டிலில் படுத்திருந்தபடி, என் கை அவருடைய முழங்கையைப் பிடித்து உயர்த்திக்கொண்டிருக்கும்போது, முதல் முறையாக, "ஏழு மிஸ், போதும்" என்றார். கையை அந்த இடத்திலேயே நிறுத்தி, சற்று இறக்கினேன். அவருடைய கால்விரல்களைப் பார்த்தேன். அவை விரிந்தே இருந்தன. ஒன்பது மாதம் கழித்து, தம் கொண்டையைத் தாமே முடிந்துகொண்டு வந்தார்.